மண் பார்க்காத பொறி

வேட்டைப் பருவம் தொடங்குமுன் விலங்குப் பொறிகளைக் கொதிக்கவைப்பது எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பது. ஆகஸ்ட் வந்தால் முற்றத்தில் ஒரு பழைய அண்டா அடுப்பேறும். தண்ணீரில் அக்ரூட் ஓடுகளைப் போட்டு, காட்டில் வைக்கும் பொறிகளை அதில் இறக்கிவிடுவார்கள். இரும்பு கறுத்து வரும். பிறகு உருக்கிய மெழுகில் ஒரு முக்கு. துரு அண்டாது, நரிக்கு மனித வாடை தெரியாது. அதனால் அன்று மளிகை வாங்கிக்கொண்டு வந்து காரை நிறுத்தியபோது, கொட்டகைக்குப் பின்னால் புகை எழுவதைப் பார்த்து நான் எதுவும் நினைக்கவில்லை. பாலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு என் கணவர் லைலிடம் போனேன்.

அவர் கொக்கிக் கம்பியால் பொறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, சாய்த்துவைத்த ஏணியின் படிகளில் மாட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, உற்சாகமாக இருந்தார். நீர்நாய்ப் பொறி ஒன்று வந்தது. நரிப் பொறி இரண்டு வந்தன. அடுத்தது கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் தூக்கினார். அதன் சங்கிலி கையால் அடித்த சங்கிலி. ஒரு கண்ணியைப்போல இன்னொன்று இருக்காது.

காபியைப் புல்லில் வைத்தேன்.

அந்தப் பொறி எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது. என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஏரிக்கரையில் இருந்த ஒரு கொல்லர் அடித்த ஓநாய்ப் பொறி. அவர் கையிலிருந்து வந்த நாள்முதல் யாரும் அதை மண்ணில் வைத்ததில்லை. உலையிலிருந்து எடுத்தபோது படிந்த சாம்பல் நீலத் தோல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கக் கேட்டால், முதலில் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வார் லைல். பொறி சேகரிக்கிறவர்களுக்கு அந்தத் தோல்தான் எல்லாம். கம்பித் தூரிகை பட்டால் போச்சு, எண்ணெய் பட்டால் போச்சு. இதை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவரே அவர்தான்.

இப்போது அது கருகருவென்று மற்றவற்றின் பக்கத்தில் சொட்டிக்கொண்டு தொங்கியது. கம்பித் தூரிகை அண்டாவுக்கு அருகில் கிடந்தது. சங்கிலியின் நுனியில், காட்டில் வைக்கும் பொறிக்குச் சட்டப்படி மாட்டவேண்டிய செப்புத் தகடுகூட இருந்தது. லைல் கோர்ப்பி என்ற பெயரும் எங்கள் முகவரியும்.

"இத ஏன் இத்தன வருஷம் சும்மா போட்டு வெச்சிருந்தோம்னே தெரியல மார்னா" என்றார். "வில்லு ரெண்டும் என்ன பலம் பாரு. இந்தப் பருவத்துக்கு இதத்தான் ஓடைக்கரையில வைக்கப்போறேன்."

"வை" என்றேன். "காபி ஆறிடும்."

வசந்தத்திலிருந்தே சின்னச் சின்னதாக நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே சாப்பாட்டில் ஒரே கதையை இரண்டு தடவை சொல்வார். சாலைப் பனியை அள்ளும் வண்டி ஓட்டிய நாட்களில் தூங்கிக்கொண்டே போகக்கூடிய சாலையில், எந்தப் பக்கம் திரும்புவது என்று என்னைக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். தூக்கம் போதவில்லை. காது மந்தம். வெயில். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு திறமையே வந்துவிட்டிருந்தது. அன்று ஏணிக்கு முன்னால் நின்றபோது ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் பொறிக்காரர்களின் கோடைச் சந்திப்பு. கால்நடைக் கண்காட்சி மைதானத்தில் மூன்று மாநிலத்து ஆட்கள் கூடுவார்கள். அந்த ஓநாய்ப் பொறியை டெல்மர் ஷுல்ட்ஸுக்குத் தருவதாக லைல் வாக்குக் கொடுத்திருந்தார். டெல்மர் விஸ்கான்சின்காரர். வாலிபத்திலிருந்து இருவரும் கூட்டாளிகள். கேட்டுக் கேட்டு டெல்மருக்கு வாய் வலித்த பிறகு, அவருடைய பெரிய கரடிப் பொறிக்கு மாற்றாக இதைத் தருவதென்று பேசி முடித்திருந்தார்கள்.

பொறி கெட்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் பயந்தது மேஜைக்கு.

சந்திப்பின் வெள்ளிக்கிழமைக் காலை, மாடுகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையில் லைல் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்காருவார். பழைய பொறிகளில் போலி அதிகம். விற்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து வந்து பொறியை அவர் முன்னால் வைப்பார்கள். அவர் புரட்டிப் பார்த்து, கட்டைவிரலால் தடவி, "சரி" என்பார், அல்லது "தப்பு" என்பார். அவ்வளவுதான். சரி என்றால் இருவரும் அங்கேயே கை குலுக்கவேண்டும். குலுக்கிவிட்டால் பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது. அவர் சொன்ன பிறகு வேறொருவர் அந்தப் பொறியைக் கையில் எடுக்கவும் கூடாது. இதை யாரும் உட்கார்ந்து விதி செய்யவில்லை. அவரைச் சுற்றித் தானாக வளர்ந்தது. நாங்கள் பெரிதாக எதையும் சம்பாதித்தவர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த ஒரு சொல்தான் லைல் தன் வாழ்க்கையில் உண்டாக்கியது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

கொதிக்கவைத்த ஓநாய்ப் பொறியை டெல்மர் பார்த்தால், அதை யார் செய்தார்கள் என்று கேட்பார். லைல்தான் என்று தெரிந்தால், லைலுக்கு என்ன ஆயிற்று என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும். மத்தியானத்துக்குள் மேஜை இருக்காது.

பொறி கொதித்த அன்று மாலையே செப்புத் தகட்டைக் குறடால் கழற்றி எறிந்தேன். பொறியைப் பழைய துண்டில் சுற்றி வண்டியில் வைத்தவளும் நான்தான். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். தகட்டைக் கழற்றிய கைக்குத் தெரிந்துதான் இருக்கவேண்டும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, நாங்கள் மைதானத்துக்குப் போனபோது டெல்மர் தன் லாரியின் பின்கதவை இறக்கி, அதன் மேல் கம்பளம் விரித்துக் காத்திருந்தார். மைதானம் முழுக்க மீன் எண்ணெயும் மரநாய்க் கஸ்தூரியும் கலந்த நாற்றம். விலங்குகளை இழுக்கும் வாசனைப் புட்டி விற்பவர்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்திருந்தார்கள்.

"டேய் லைல், நீ செத்தப்பறம்தான் இது என் கைக்கு வரும்னு நெனச்சேன்."

"நான் செத்தா மார்னா உனக்குச் சும்மாவே தூக்கிக் குடுத்துருவா. அதான் இருக்கறப்பவே கரடிப் பொறிய வாங்கிக்கலாம்னு."

டெல்மர் சிரித்துக்கொண்டே துண்டை விலக்கினார். பிறகு சிரிக்கவில்லை. குனிந்து முகர்ந்தார். மெழுகு. ஒரு விரலை வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

நான் டெல்மரின் முகத்துக்குத் தயாராக இருந்தேன். லைலின் முகத்துக்குத் தயாராக இல்லை. அவர் டெல்மரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். டெல்மரைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி. உதடு வெளுத்துவிட்டது.

"யாரு செஞ்சது இது?"

உண்மையாகவே கேட்டார். கொக்கிக் கம்பியும் புகையும் ஏணியும் அவருக்குள் எங்கேயும் இல்லை.

"மார்னா, யாரு செஞ்சதுன்னு கேக்கறேன்."

"நான்தான்" என்றேன். "மத்ததுங்களோட கலந்து கிடந்துச்சு. பாக்காமப் போட்டுட்டேன்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தது எப்பிடிக் கலந்து கிடக்கும்?"

"தூசி தட்ட வெளிய எடுத்தேன்."

அவர் என்னைத் திட்டினார். எங்கள் வாழ்க்கையில் மனிதர்களுக்கு முன்னால் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "இத்தன வருஷமா எங்கூட இருக்கே. ஒரு பூனைக்குட்டி இருந்திருந்தாக்கூட இதுக்குள்ள கத்துக்கிட்டிருக்கும்" என்றார். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடுடா" என்றார் டெல்மர். எனக்காகச் சமாளித்தார். "எங்க அப்பாவோட வார்ப்பிரும்பு வாணலிய என் பொண்டாட்டி சோப்புப் போட்டுத் தேச்சா. நான் இன்னும் அவகூடத்தான் படுக்கறேன். என்ன, நடுவுல ஒரு தலகாணி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொறி மறுபடி துண்டுக்குள் போனது. கரடிப் பொறி டெல்மரிடமே இருந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. லைலைப் பற்றியல்ல, என்னைப் பற்றி. இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி வாங்க வரிசையில் நின்றபோது ஒருவர், "மார்னா, இது வெளுப்பா இருக்கு. உன் அண்டாவுல ஒரு கொதி விட்டுக் குடேன்" என்றார். இன்னொருவர் தன் கிழட்டு நாயைக் கொண்டுவந்து, "நரச்சுப்போச்சு, கறுப்பாக்க முடியுமா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. மேஜை பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. லைல் அன்று மாலை என்னோடு பேசவில்லை. தூங்கி எழுந்தால் மறந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எத்தனையோ மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை. காலையில் ஏலக்காய் ரொட்டியை வெட்டிக் கொடுத்தபோது, "கையக் கழுவினியா?" என்றார். வேண்டுமென்றேதான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் வழக்கம்போல் நீண்ட வரிசை. அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நான். முதல் இரண்டு பொறிகளுக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மூன்றாவதாகக் கிளிஃப் என்ற வியாபாரியும் காரெட் என்ற இளைஞனும் வந்தார்கள். காரெட் மின்கம்பங்களில் ஏறி வேலை செய்கிறவன். கிளிஃபின் பொறிக்கு மாற்றாகத் தன் பனி ஸ்கூட்டரைத் தர இழுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். பொறியின் மிதிதட்டில், வெகு குறைந்த காலமே நடந்து மூடிப்போன ஒரு பட்டறையின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இருக்கும் பொறிகள் மிகச் சில. அந்தப் பெயர் இல்லையென்றால் அது எந்தக் கொட்டகையிலும் கிடக்கும் பழைய இரும்பு.

மிதிதட்டு என்பது விலங்கு கால் வைக்கும் இடம். அதன் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். பொறியின் தாடையை அழுத்திப் பிடிக்கும் கொண்டியின் நுனி அந்த வெட்டில் உட்காரும். வருஷக்கணக்காக வைத்து எடுத்த பொறியில் இந்த இரண்டும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பள்ளமாகிவிடும். "சேர்ந்து கெடந்த ரெண்டும் சேர்ந்துதான் தேயும்" என்று லைல் புதியவர்களுக்குச் சொல்லுவார்.

என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. கொண்டியின் நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. தட்டின் வெட்டு நேற்று அரத்தால் அறுத்ததுபோல் கூராக இருந்தது. பழைய பொறியில் புதுத் தட்டு மாட்டியிருந்தார்கள்.

லைலின் கட்டைவிரல் எழுத்துக்களின் மேல் போனது. தட்டின் அடிப்பக்கம் போனது. வெட்டுக்கு வந்தது. அங்கே நின்றது. நான் மூச்சை விட்டேன். பிறகு விரல் அங்கிருந்து நகர்ந்துவிட்டது.

"சரி" என்றார்.

காரெட் முகம் மலர்ந்து கிளிஃபிடம் கையை நீட்டினான்.

"தப்பு, லைல்" என்றேன். "தட்டு புதுசு."

மேஜையில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கிளிஃப்தான் முதலில் சிரித்தான். "போன வாரம் ஒரு பொறிய சூப்பு வெச்சீங்க. இன்னிக்குத் தீர்ப்பா?" வரிசை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிரியமான சிரிப்புதான்.

"கொண்டி தேஞ்சிருக்கு, வெட்டு தேயல. யாராவது பாருங்க" என்றேன்.

யாரும் எடுக்கவில்லை. அவர் சொன்ன பிறகு எடுக்கக்கூடாது. லைல் திரும்பாமலே, "இவளுக்குப் பொறிக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். மறுபடி சிரிப்பு. பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்ற டெல்மரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "விடு மார்னா. நேத்தோட போகட்டும்" என்றார். நான் கோபத்தில் பேசுகிறேன் என்று அவர் நினைத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்று நான் காப்பாற்றியது லைலின் இந்தச் சொல்லை. அதற்காகக் கொடுத்தது என் சொல்லை. என் பேச்சை இனி இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், ஒரே ஒரு வழியைத் தவிர. அந்த இளைஞனின் கை இன்னும் நீண்டிருந்தது. கிளிஃபின் கை எழுந்துகொண்டிருந்தது.

"அந்த ஓநாய்ப் பொறியக் கொதிக்க வெச்சது நான் இல்ல" என்றேன்.

அந்தப் பையனுக்காகத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பூனைக்குட்டியும் கரண்டியும் கையைக் கழுவினியா என்று கேட்டதும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தனவோ என்னவோ. நியாயமும் ரோஷமும் ஒரே குரலில் வந்தால் பேசுகிறவளாலேயே பிரிக்க முடிவதில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. டெல்மர் தூணிலிருந்து நிமிர்ந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, லைலைப் பார்த்தார். எவ்வளவோ நாளாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டதையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

லைல் நாற்காலியில் திரும்பினார். "பின்ன யாரு?"

"நீதான், லைல்."

"நானா?"

அவர் மறுக்கவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பொறியைப் பார்ப்பதுபோல்தான், அவசரமில்லாமல், எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தேடுகிறதுபோல். பிறகு டெல்மரிடம், "இவ பொய் சொல்லமாட்டா" என்றார். முந்தின நாள் நான் சொன்னதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

காரெட் கையைக் கீழே இறக்கினான். கிளிஃப் தன் பொறியை எடுத்து வெட்டைத் தடவிப் பார்த்தான். அவனுக்கும் முகம் செத்துவிட்டது. "எனக்கும் தெரியாதுங்க. ஒரு பெட்டியோட மொத்தமா வாங்கினது" என்று என்னிடம் சொன்னான். லைலிடம் சொல்லவில்லை. இருவரும் போனார்கள்.

அடுத்து நின்ற பெண் கையிலிருந்த மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டியில் எதையோ மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்றவருக்குக் காபி தேவைப்பட்டது. இன்னும் இரண்டு பேர் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருவர்கூட மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. போகும்போது தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, யாராவது கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். லைல் உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்தபடி காத்திருந்தார். அடுத்த பொறி வரவில்லை.

டெல்மர் எங்கோ காணாமல் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சிறிய பொறி இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் ஆணியில் பத்துப் பன்னிரண்டு தொங்குமே, அந்த வகை. அதைப் போலியாகச் செய்ய யாருக்கும் தலையெழுத்தில்லை. அதை லைலின் கைக்கு நேராக வைத்துவிட்டு, எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதக் கொஞ்சம் பாருடா. எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் எதற்காக அதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. லைல் இன்னொரு தடவை சரி என்று சொல்லவேண்டும், அது சரியாகவும் இருக்கவேண்டும், அதோடு மேஜையை மடித்துவிடலாம். தடுக்க நினைத்தேன், ஆனால் தடுக்கவில்லை.

லைல் பொறியை எடுத்தார். என்றைக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார். எழுத்துக்களின் மேல் விரல் போனது. அடிப்பக்கம் போனது. வெட்டுக்கு வந்தது, விலகியது, மறுபடி வெட்டுக்கு வந்தது. வெளியே ஒலிபெருக்கியில் யாரோ தோல் உரிக்கும் போட்டிக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லைல் பொறியை மேஜைமேல் வைத்து, விளிம்போடு நேராக இருக்கும்படி நகர்த்தினார்.

"எனக்குத் தெரியலடா" என்றார்.

டெல்மர் பொறியை மறுபடி அவர் பக்கம் தள்ளினார்.

"தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும்" என்றார் லைல், கொஞ்சம் எரிச்சலாக. "வாய்க்கு வந்ததச் சொல்லக்கூடாது."

"கூடாதுதான்" என்றார் டெல்மர்.